கிரானைட் விற்காத புளிக்கடைக்கு வந்த அபராதம்

2024 டிசம்பர் 5, வியாழக்கிழமை. ஃபெஞ்சல் புயல் மழை விட்டு இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த மழை அது. தர்மபுரியில் எங்கள் கிடங்கிலும் ஒரு மூலையில் ஓதம் ஏறிவிட்டது. ஆட்களை வைத்து மூட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு வங்கியிலிருந்து போன் வந்தது.

"உங்க கரன்ட் அக்கவுன்ட்ல இருந்து பணம் எடுக்க முடியாதுங்க. வரி ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்கு. நாலு லட்சத்து எண்பத்தி ஏழாயிரத்துச் சொச்சம் பாக்கின்னு போட்டிருக்காங்க."

அப்பா ஒன்றும் பேசாமல் போனை என்னிடம் நீட்டினார். இரண்டு கையையும் கல்லாப்பெட்டி மேல் ஊன்றிக்கொண்டு நின்றார். நாற்பது வருடமாகப் புளி வியாபாரம் செய்பவர். யாருக்கும் பாக்கி வைத்துப் பழக்கமில்லாத மனிதர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என்னம்மா தப்பு பண்ணினோம்?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போன ஏழெட்டு மாதத்தில் கற்றதைத்தான் எழுதுகிறேன். எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் யாருக்காவது உதவும்.

கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு புரியாது. பென்னாகரம், அஞ்செட்டி பக்கத்து மலையோர ஊர்களிலிருந்து கொட்டைப்புளி வாங்குவோம். தை கடைசியில் வரத்து ஆரம்பித்தால் சித்திரை வரை ஓடும். ஊர்ப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுத்துக் கொடுப்பார்கள். அதை மூட்டை கட்டிச் சேலம், ஈரோடு வியாபாரிகளுக்கு அனுப்புவோம். கூடவே மிளகாய் வற்றலும் மல்லியும் கொஞ்சம் உண்டு. மிளகாய்க்கும் மல்லிக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம். காய்ந்த புளிக்கும் முன்பு 5 சதவீதம் இருந்தது. 2019 செப்டம்பரில் கோவாவில் கூடிய 37ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். 2019 அக்டோபர் 1 முதல் காய்ந்த புளிக்கு வரி கிடையாது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

அன்று மதியமே ஜிஎஸ்டி போர்ட்டலைத் திறந்தேன். நோட்டீஸ் பார்க்கும் வழக்கமான பக்கத்தில் ஒன்றுமே இல்லை. 'கூடுதல் நோட்டீஸ்களும் உத்தரவுகளும்' என்று வேறொரு பக்கம் இருக்கிறது. அங்கே போனால் வரிசையாக உட்கார்ந்திருந்தன. 2024 மே 29 தேதியிட்ட டிஆர்சி-01, அதாவது விளக்கம் கேட்கும் நோட்டீஸ். அதற்குப் பிறகு ஒரு நினைவூட்டல். ஆகஸ்ட் 28 தேதியிட்ட டிஆர்சி-07, அதாவது வரி கட்டு என்ற உத்தரவு. எல்லாம் 2019-20 நிதியாண்டுக்கு. தபாலில் ஒரு காகிதமும் வரவில்லை. மின்னஞ்சல் எங்கே போனது என்று பார்த்தால், பதிவில் இருந்த முகவரியும் செல்பேசி எண்ணும் 2017இல் எங்களுக்குப் பதிவு எடுத்துக் கொடுத்த கணக்கருடையவை. அவர் ஊரை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது.

முதல் வேலையாக அந்த எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றினேன். அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாத சின்னத் திருத்தம்தான். இத்தனை வருடமாகச் செய்யாமல் விட்டிருந்தோம்.

அன்று ராத்திரி நோட்டீஸையும் உத்தரவையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அளவுகோலும் பென்சிலும் எடுத்து வரி வரியாகப் படித்தேன். ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். மூன்றாவது பக்கத்தில் ஒரு பத்தி வந்தது: மனுதாரர் மெருகேற்றிய கிரானைட் பலகைகளை விற்றதில் குவாரிச் சீட்டுக்கும் விற்பனைக் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்துக்கு விளக்கம் தரவில்லை என்று. இரண்டு தடவை படித்தேன். மேலே எங்கள் ஜிஎஸ்டி எண், எங்கள் கடைப் பெயர். உள்ளே யாரோ ஒரு கிரானைட்காரரின் கதை. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கிரானைட் தொழில் உண்டுதான். வேறொரு நோட்டீஸை நகலெடுத்து எங்கள் விவரத்தை ஒட்டும்போது ஒரு பத்தி கழற்றப்படாமல் நின்றுவிட்டது என்பது தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு எண்களுக்கு வந்தேன். எங்களிடம் கேட்ட வரி 1,75,000 ரூபாய். அது இரண்டு துண்டு. ஒன்று, வரிவிலக்கு என்று நாங்கள் ரிட்டர்னில் காட்டிய 31,40,000 ரூபாய் விற்பனைக்கு 'ஆதாரம் இல்லை' என்று சொல்லி 5 சதவீதம், ஆக 1,57,000. இன்னொன்று, உள்ளீட்டு வரியில், அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிவிட்டுப் பிறகு நம் வரியில் கழித்துக்கொள்ளும் தொகையில், வித்தியாசம் 18,000. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ரிட்டர்னில் நாங்கள் எடுத்தது 64,380, எங்களுக்கு விற்றவர்கள் காட்டியதை வைத்து வரும் 2ஏ-வில் இருப்பது 46,380, ஆகவே 18,000 கூடுதலாக எடுத்துவிட்டீர்கள் என்று அட்டவணை. 2ஏ-வைப் பதிவிறக்கிப் பார்த்தேன். அதில் இருந்தது 64,380. ஆறும் நான்கும் இடம் மாறி உட்கார்ந்ததில் எங்கள் தலையில் 18,000 ரூபாய்.

அபராதம் இன்னும் மோசம். நோட்டீஸில் கேட்டது ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 73இன் கீழ் மத்திய வரிக்கு 10,000, மாநில வரிக்கு 10,000, மொத்தம் 20,000. மோசடி இல்லாத வழக்குகளுக்கான பிரிவு அது. வரியில் 10 சதவீதம் அல்லது 10,000, எது அதிகமோ அதுதான் அபராதம். உத்தரவின் தலைப்பிலும் பிரிவு 73 என்றே இருந்தது. ஆனால் கடைசி அட்டவணையில் அபராதம் 1,75,000. வரிக்குச் சமமாக நூறு சதவீதம்! அது மோசடிக்கான பிரிவு 74இன் கணக்கு. அப்பாவை மோசடிக்காரர் என்று யாரும் எழுதவில்லை. அட்டவணை மட்டும் அப்படிக் கணக்குப் போட்டிருந்தது. மீதி வட்டி.

ராத்திரி ஒரு மணிக்கு எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இத்தனை தப்பு இருக்கிறதே, இந்த நோட்டீஸே செல்லாது, ஒரு கடிதம் எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் எங்கள் ஊர் வரி ஆலோசகரிடம் போனேன். ஊரில் எல்லோரும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் பிரிவு 160ஐ எடுத்துக் காட்டினார். சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்தி இருந்தால், எழுத்துப் பிழையோ விடுபடலோ இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு நடவடிக்கை செல்லாமல் போகாது என்று அது சொல்கிறது.

"தப்பு இருக்குறது முக்கியமில்லம்மா. அந்தத் தப்பால உங்களுக்கு என்ன கெட்டுச்சுன்னு காட்டணும். அப்பா பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கு பாரு, அத விட்டுடு. அத முன்னாடி வெச்சா மத்ததும் லேசாத் தெரியும்."

வரி நோட்டீஸ் விஷயத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் இது. நான் பென்சிலால் பதினாறு தப்புகளைக் குறித்து வைத்திருந்தேன். அவர் அதில் பதினொன்றை அடித்துவிட்டார். பெயரில் எழுத்துப் பிழை, பின்கோடு தப்பு, பத்தி எண் இரண்டு தடவை வந்தது எல்லாம் போயின. நின்றவை ஐந்து. வரி இல்லாத பொருளுக்கு வரி போட்டது. இடம் மாறிய எண். நோட்டீஸில் கேட்டதை விட உத்தரவில் அதிகமாக விதித்தது; பிரிவு 75(7) இதை நேரடியாகத் தடுக்கிறது, நோட்டீஸில் சொன்ன தொகையை உத்தரவு தாண்டக் கூடாது, சொல்லாத காரணத்துக்காக விதிக்கவும் கூடாது. நேரில் விசாரணைக்கு வாய்ப்பே தராதது. எங்கள் டிஆர்சி-01இல் விசாரணைத் தேதி எழுதும் இடத்தில் 'பொருந்தாது' என்று இருந்தது, ஆனால் பாதகமான முடிவு எடுப்பதாக இருந்தால் வாய்ப்புத் தந்தே ஆக வேண்டும் என்கிறது 75(4). ஐந்தாவது கிரானைட் பத்தி. அது வெறும் எழுத்துப் பிழை இல்லை, எதற்குப் பதில் சொல்வது என்றே தெரியாத நோட்டீஸ், கோப்பைப் படிக்காமலே போட்ட உத்தரவு என்பதற்குச் சாட்சி.

நாள் கணக்கையும் அவர்தான் போட்டார். மேல்முறையீட்டுக்கு உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம். தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினால் மேற்கொண்டு ஒரு மாதம் வரை மன்னிக்க மேல்முறையீட்டு அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் அவரால் எடுத்துக்கொள்ள முடியாது. நாங்கள் பார்த்த நாள்தான் எங்களுக்குக் கிடைத்த நாள் என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதத்தை நம்பிக் கெடுவைத் தாண்டவிட வேண்டாம் என்றார். உத்தரவுத் தேதியை வைத்தே எண்ணினால் நவம்பர் 28 போய்விட்டது. டிசம்பர் 28 வரை இருந்தது. கையில் 22 நாள்.

எண் இடம் மாறியது போன்ற பளிச்சென்று தெரியும் பிழைகளுக்குப் பிரிவு 161இன் கீழ் திருத்த மனு போடலாம். செலவும் இல்லை. அதை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்கலாமே என்று அப்பா கேட்டார். எங்கள் விஷயத்தில் அதற்கான மூன்று மாதமும் ஏற்கெனவே கடந்திருந்தது. கடக்காமல் இருந்தாலும் ஒன்று சொல்வேன்: திருத்த மனு போட்டுவிட்டோம் என்று மேல்முறையீட்டுக் கெடுவை மறந்து உட்காராதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிக் காத்திருந்து, திருத்த மனுவும் தள்ளுபடியாகி, மேல்முறையீட்டு நாளும் போய், கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டி வந்தது. போர்ட்டலில் ஏற்றியது தெரியாமல் போன எத்தனையோ பேருடைய உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, வரியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லி மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. அந்தக் கதவு இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே ஒரு கதவு திறந்திருக்கும்போது அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

அப்போது இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. 2017-18 முதல் 2019-20 வரையிலான பிரிவு 73 வழக்குகளில், வரியை மட்டும் 2025 மார்ச் 31க்குள் கட்டிவிட்டால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்று பிரிவு 128ஏ-வில் ஒரு திட்டம் வந்திருந்தது. "ஒன்னே முக்கால் லட்சத்தக் கட்டிட்டு நிம்மதியா இருங்க, மூணு லட்சம் மிச்சம்" என்று பக்கத்துக் கடை மாமா சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அப்பாவும் கொஞ்சம் சாய்ந்தார், வங்கிக் கணக்கு முடங்கியிருந்த பயம் அவருக்கு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. வராத வரியைக் கட்டுவது மிச்சம் ஆகாது. புளிக்கு வரி இல்லை என்று அரசே சொன்ன பிறகு, நாங்கள் வாங்கவும் செய்யாத வரியை எங்கள் கைப்பணத்திலிருந்து எதற்குக் கட்ட வேண்டும்? தள்ளுபடித் திட்டங்கள் நிஜமாகவே பாக்கி உள்ளவருக்கு வரப்பிரசாதம். பாக்கி இல்லாதவர் அதை எடுக்கும் முன் நூறு தடவை யோசிக்க வேண்டும்.

பழைய பில்களைத் தேடினேன். பரணில் தகரப் பெட்டியில் இருந்தன. கிடங்குத் தரையில் வைத்திருந்தால் அந்த மழையில் கூழாகியிருக்கும். 2019 அக்டோபர் முதல் 2020 மார்ச் வரை ஆறு பில் புத்தகம், எடைச் சீட்டுகள், லாரி ரசீதுகள். ஒவ்வொரு பில்லையும் தேதி, வாங்கியவர், எடை, தொகை, சரக்குக் குறியீடு என்று ஒரு தாளில் ஏற்றினேன். காய்ந்த புளிக்குக் குறியீடு 0813. அந்தக் குறியீட்டை அப்போதே பில்லில் அச்சடித்திருந்தது எங்களுக்குப் பெரிய பலமாக இருந்தது. 'புளி' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் புளி என்று கேட்டிருப்பார்கள்.

நான்காவது புத்தகத்தில், 2020 ஜனவரியில், ஒரு பில்லில் கை நின்றது. மசாலா மில்லுக்குப் போன மிளகாய் வற்றல், 80,000 ரூபாய். அவசரத்தில் புளி பில் புத்தகத்திலேயே எழுதி, வரி போடாமல், மாதக் கணக்கிலும் விலக்குப் பெற்ற விற்பனையோடு சேர்த்துவிட்டிருக்கிறோம். எழுத்து என்னுடையது. கல்லூரி முடித்துக் கடைக்கு வந்த புதிது.

31,40,000இல் 80,000 எங்கள் தப்பு. வரி 4,000.

அந்த பில்லை எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பில் ஒன்றைக் கிழித்துப் போடுவது ஒரு நிமிட வேலை என்ற நினைப்பு எனக்கும் வந்தது. மறைத்துப் பழகாத வீடு எங்களுடையது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம தப்புதானே, கட்டிடு" என்றார். அவ்வளவுதான். ஆடிட்டரும் அதையே சொன்னார், கூடவே ஒன்று: "இத அப்பீல்ல முதல் பக்கத்துலயே சொல்லிடலாம். நம்ம தப்ப நாமளே சொன்னா, அவங்க தப்ப நாம சொல்லும்போது காது கொடுத்துக் கேப்பாங்க."

பணம் கட்டும் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். மேல்முறையீட்டுக்கு, நாம் ஒத்துக்கொள்ளும் தொகையை முழுதாகக் கட்ட வேண்டும். மீதி தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்வைப்பாகக் கட்ட வேண்டும். வரியில்தான் 10 சதவீதம். வட்டி, அபராதம் சேர்த்த மொத்தத் தொகையில் அல்ல. எங்களிடம் ஒருவர் 4,87,000இல் பத்து சதவீதம், 48,700 கட்டணும் என்றே சொன்னார். எங்கள் சரியான கணக்கு இதுதான்: ஒத்துக்கொண்ட வரி 4,000, அதற்கு 18 சதவீத வட்டி சுமார் 3,500, மீதி 1,71,000இல் பத்து சதவீதம் 17,100. ஆக 24,600 அளவில். கடைக் கணக்கு முடங்கியிருந்ததால் என் சேமிப்புக் கணக்கிலிருந்து இணைய வங்கி வழியாகச் செலான் கட்டினேன். வரியே இல்லாமல் அபராதம் மட்டும் விதித்த உத்தரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்பு இந்த முன்வைப்பு கிடையாது. 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் அதற்கும் அபராதத்தில் 10 சதவீதம் என்று கொண்டுவந்துவிட்டார்கள்.

மேல்முறையீட்டுக்கான ஏபிஎல்-01 படிவத்தை டிசம்பர் 16 அன்று போர்ட்டலில் ஏற்றினோம். 18 நாள் தாமதத்துக்குத் தனியாக ஒரு மனு: யாருடைய மின்னஞ்சல் பதிவில் இருந்தது, வங்கி போன் என்றைக்கு வந்தது, அன்றைக்கே போர்ட்டலில் நுழைந்தோம், எந்த நாளில் எந்த பில் கிடைத்தது என்று தேதி வாரியாக. 'உடல்நிலை சரியில்லை' என்று ஒரு வரியில் எழுதிப் போடுவது வழக்கம் என்றார்கள். உண்மை இருக்கும்போது அது எதற்கு? மேல்முறையீட்டுக் காரணங்களை ஐந்தே தலைப்பில் எழுதினோம். ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே பக்க எண். காய்ந்த புளிக்கு விலக்கு தந்த 2019 செப்டம்பர் 30 தேதியிட்ட 15/2019 அறிவிக்கையின் நகல் முதல் இணைப்பு. 2ஏ அச்சில் 64,380 என்ற எண்ணை மஞ்சள் மையால் வட்டமிட்டு, அதன் எதிர்ப் பக்கத்தில் அவர்கள் அட்டவணையை வைத்தேன். திறந்த உடனே இரண்டும் கண்ணில் படும்படி.

முன்வைப்புத் தொகையோடு மேல்முறையீடு பதிவானால், மீதித் தொகையை வசூலிப்பது தானாகவே நின்றுபோகும் என்று சட்டம் சொல்கிறது. நான் ஒப்புகைச் சீட்டை எடுத்துக்கொண்டு நேரே வங்கிக்கு ஓடினேன். அவர்கள் அதைப் பார்த்துவிட்டு, எங்களுக்கு முடக்கச் சொன்னது வரி அலுவலகம், விடச் சொல்லியும் அங்கிருந்தே கடிதம் வர வேண்டும் என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆகவே அலுவலகத்துக்கு ஒரு மனு, ஒப்புகை நகலோடு. கொடுத்த நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டேன். ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் கொட்டை தட்டிய பெண்களுக்குக் கூலி கொடுக்கக் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது. வாராவாரம் அந்தக் கூலியை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. எங்கோ ஒரு அட்டவணையில் இடம் மாறிய எண் கடைசியில் யார் வீட்டு உலையைத் தொடுகிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

விசாரணை 2025 ஏப்ரலில். ஆடிட்டர் கூட வந்தார், ஆனால் கணக்கை நானே சொல்ல வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார். மேல்முறையீட்டு அதிகாரி நிதானமான மனிதர். புளிக்கு விலக்கு எந்த அறிவிக்கையில் என்று கேட்டார், எடுத்துக் காட்டினேன். விற்றது காய்ந்த புளிதான் என்பதற்கு என்ன சான்று என்றார். குறியீடு அச்சிட்ட பில்லும், அதே தேதி எடைச் சீட்டும், லாரி ரசீதும் மூன்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தேன். அப்படி நாலு பில்லைப் பார்த்தார். மீதியை அவர் கேட்கவில்லை. கிரானைட் பத்திக்கு வந்ததும் மேலே கடைப் பெயரைப் பார்த்தார், மறுபடி கீழே பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். மிளகாய் பற்றி மட்டும், "இதை நீங்களாவே கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாங்க ஐயா என்றேன்.

உத்தரவு மே மாதம் வந்தது. 1,71,000 வரி ரத்து. அதற்கான வட்டி ரத்து. 1,75,000 அபராதம் ரத்து. ஒத்துக்கொண்ட 4,000 வரி உறுதி, அதற்கு அபராதம் 20,000.

நாலாயிரத்துக்கு இருபதாயிரம். படித்ததும் நெஞ்சு கனத்தது. ஆனால் அது தப்பான உத்தரவு இல்லை. வரி எவ்வளவு சின்னதானாலும் பிரிவு 73இல் குறைந்தபட்ச அபராதம் மத்திய வரிக்கு ஒரு பத்தாயிரம், மாநில வரிக்கு ஒரு பத்தாயிரம். இதே 4,000ஐ வட்டியோடு, நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் கட்டியிருந்தால் அபராதமே கிடையாது என்று அதே பிரிவு சொல்கிறது. மே 29 முதல் ஜூன் 28 வரை அந்த நோட்டீஸ் போர்ட்டலில் எங்களுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தது. 2024-25 முதலான ஆண்டுகளுக்கு 74ஏ என்ற புதுப் பிரிவு வந்து அந்த 30 நாள் 60 நாளாகியிருக்கிறது. அறுபது நாள் ஆனாலும் நோட்டீஸைப் பார்த்தால்தானே உதவும்.

அப்போதுதான் ஆடிட்டருக்கு அந்த 128ஏ ஞாபகம் வந்தது. மேல்முறையீட்டு உத்தரவு வந்த வழக்குகளுக்கும் அது பொருந்தும். அந்த உத்தரவுப்படியான வரி மார்ச் 31க்குள் கட்டப்பட்டிருந்தால் போதும். எங்கள் 4,000 டிசம்பரிலேயே கட்டியாயிற்று. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 30. ஜூன் இரண்டாவது வாரம் தள்ளுபடி கேட்கும் எஸ்பிஎல்-02 படிவத்தை ஏற்றினோம், 20,000 தள்ளுபடி ஆனது. ஒன்றே முக்கால் லட்சம் கட்டி எடுத்துக்கொள்ளச் சொன்ன அதே திட்டத்தை, எங்கள் தப்பு எவ்வளவோ அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டோம். அந்தத் திட்டம் அதோடு முடிந்துவிட்டது, இப்போது வரும் வழக்குகளுக்குக் கிடையாது.

முன்வைப்பு 17,100ஐத் திரும்பக் கேட்டு ஆர்எஃப்டி-01 போட்டேன். வெற்றி பெற்றால் அது தானாகக் கணக்கில் வந்து விழும் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் விண்ணப்பித்தால்தான் வரும், கட்டிய நாளிலிருந்து வட்டிக்கும் உரிமை உண்டு. மிளகாய்க்குக் கட்டிய 3,500 வட்டி திரும்ப வராது. தள்ளுபடித் திட்டத்தில் ஏற்கெனவே கட்டிய வட்டியைத் திருப்பித் தருவதில்லை.

இப்போது திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் போர்ட்டலில் இரண்டு பக்கத்தையும் நான்தான் பார்க்கிறேன். மிளகாய்க்கும் மல்லிக்கும் தனி பில் புத்தகம் அடித்துவிட்டோம், சிவப்பு அட்டை போட்டு. அப்பா அதைக் கல்லாவின் வலது பக்கமும் புளி புத்தகத்தை இடது பக்கமும் வைத்திருக்கிறார். இரண்டையும் யாராவது சேர்த்து வைத்தால் அவரே எழுந்து வந்து பிரித்து வைக்கிறார்.